தேவேந்திரன் அடைத்த வீடு

கோட்டைக்குப்பம்

மரியாதைக்குரிய அண்ணன் சுப்பராயலு அவர்களுக்கு,

தங்கை ஜமுனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். ஆதாரம் எதுவும் இல்லை, நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

நம் புது வீட்டுக்கு பில்டர் கொடுத்த ஒரு வருட உத்தரவாதம் நேற்றோடு முடிந்தது. அதற்குள் இன்ஜினியர் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுத்தால் அவர் செலவில் சரிசெய்வார், தவறினால் நம் தலையில் விடியும் என்று ஒப்பந்தம் எழுதியவரே நீங்கள்தான். படுக்கையறை மேலே ஒழுகுவதும் சமையலறைச் சுவர் வெடித்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் நண்பர் மகள் இன்ஜினியர் பிரின்சியை அனுப்பி வைத்தீர்கள். நன்றி. அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் உங்கள் மாப்பிள்ளைமேல், அதாவது என் வீட்டுக்காரர்மேல். அவள் வருவதற்கு முந்தின நாள் காலை மீன் ஏலத்தில் நின்றுகொண்டு, "நாளைக்கு எங்க வூட்ட இன்ஸ்பெக்சன் பண்ண வராங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இங்கே இன்ஸ்பெக்சன் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் அதிகாரிகள் படகு பார்க்க வருவார்கள். அதற்குள் ஓட்டை உடைசலை அடைத்து, பெயிண்ட் அடித்து, நம்பரைப் பளிச்சென்று எழுதி நிறுத்திவிட வேண்டும். நான் பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு தேவேந்திரன், அதான் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர், ஆட்களோடு வந்து என் வீட்டையும் அப்படியே தயார் செய்துவிட்டார். மொட்டை மாடி முழுக்க ஃபைபர் துணி விரித்து ரெசின் பசை பூசியாயிற்று. சமையலறை வெடிப்பின்மேல் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட். வாசலுக்கு இரண்டு பக்கமும் கதவு எண்ணை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். மாலையில் வந்த நான் வேறு தெரு என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

தேவேந்திரன் மனைவி செவ்வந்தி ஓடி வந்தாள். "கவலையே படாதக்கா. யாரு வந்து பாத்தாலும் ஒரு கொற சொல்ல முடியாது."

"குறை சொல்லத்தான் அவங்களை வரச் சொன்னதே, செவ்வந்தி."

"இன்னாக்கா சொல்ற? கொற சொல்றதுக்குப் போய் மெட்ராஸ்லேர்ந்து ஆள் கூட்டினு வருவாங்களா? அதுக்குத்தான் நாங்க இருக்கோமே!"

நேற்று பிரின்சி வந்தாள். பில்டரும் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். தெருவே கூடி நின்றது. அவள் சுவரைத் தட்டினாள், மாடியில் தண்ணீர் ஊற்றிக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. "நீங்க சொன்ன வெடிப்பு எங்க மேடம்?" என்றாள். பச்சைப் பட்டையைக் காட்டி, இதற்குப் பின்னால் என்றேன். "பின்னாடி இருக்கறத நான் எப்படி எழுதறது? இதை யாரு பூசினா?" என்று சுற்றிலும் பார்த்தாள். நான் சொல்லப்போனால் செவ்வந்தி என் கையைக் கிள்ளுகிறாள். உங்கள் மாப்பிள்ளை கடலில் ஏதோ அதிசயம் தெரிவதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குறை ஒன்றுமில்லை என்று பிரின்சி எழுதப்போகிறாள், எம்.எஸ்ஸி. படித்த நான் சொந்த வீட்டு ஒழுகலை நிரூபிக்க முடியாமல் நிற்கிறேன்.

அப்போதுதான் பில்டர் தானாகப் போய் மாட்டிக்கொண்டார். சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியாம்மா, நம்ம வேலை அப்படி. இந்த மாடிக்கு நானே கூட நின்னு கலவ போட்டேன்" என்றார்.

தேவேந்திரன் முகம் சிவந்துவிட்டது. "யோவ், இன்னாது, உன் வேலையா? நேத்து பூரா வெயில்ல குந்தினு ரெசின் அடிச்சது யாரு, உங்க மாமனாரா? வாம்மா, நான் காட்றேன்."

"யோவ், கம்முனு இரு" என்று செவ்வந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி! வேலை நான் செய்வேன், பேரு இவன் வாங்குவான், நான் பாத்துனு இருக்கணுமா?"

பிறகு யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை. பிரின்சியை அறை அறையாக இழுத்துப்போனார். இங்கே கையே உள்ளே போனது, அங்கே கட்டிக் கட்டியாகப் பெயர்ந்து வந்தது, குளியலறையில் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் சுவரே நின்றது என்று, எனக்கே தெரியாத குறைகளையெல்லாம் சொன்னார். வேலைக்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து வைப்பது அவர் வழக்கமாம். எல்லாப் படத்தையும் காட்டினார். பிரின்சி எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பில்டர் எல்லாவற்றையும் தன் செலவில் சரிசெய்வதாக அதில் கையெழுத்துப் போட்டார். தெரு முழுக்கக் கை தட்டியது, ஆனால் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என எனக்குத் தோன்றவில்லை.

ஆக, வீட்டைப் பற்றிய கவலை இனி இல்லை. அண்ணிக்கு என் அன்பு. உங்கள் மகள் ஐஸ்வர்யா தேர்வை நன்றாக எழுதட்டும், நீங்கள் போனை எடுக்கும் நல்ல புத்தியோடு நீடூழி வாழ வேண்டும்.

உங்கள் தங்கை,
ஜமுனா

பி.கு.: பில்டர் சொன்ன சொல் தவறாமல் இன்று காலையே வேலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். தேவேந்திரனைத்தான். இவர் கைவேலை பில்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். வந்தவர் நேரே மாடிக்குப் போய், மழைத்தண்ணீர் வெளியே போகும் குழாய் வாயை ரெசின் போட்டு அடைத்துவிட்டு இறங்கினார். "எவ்ளோ பெரிய ஓட்டை! அந்த இன்ஜினியர் பொண்ணு கண்ல கூட படல பாருக்கா" என்கிறார். ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. பிரின்சியை உடனே அனுப்பவும். உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.