வெளுத்துப்போன பெருமை

"ஏகப்பா, வெளுத்துருச்சேடா!"

கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து நாச்சியப்பன் அலறினார். சற்றுமுன் தெளிவாக இருந்த தண்ணீர் இப்போது பாலாகி நின்றது.

அது சாதாரணத் தண்ணீரா? மகள் சௌபர்ணிகா ஐந்து வருஷம் பாடுபட்டு உருவாக்கிய பாலிமர் கரைந்த தண்ணீர். இன்று அவளுக்கு பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. தேர்வாளரோ டெல்லி அம்மா, பொல்லாதவராம். ஆய்வேட்டில் ஏற்கெனவே ஒரு குறை எழுதியிருக்கிறாராம். "ஐஸ் பெட்டியத் திறக்காமக் கொண்டாங்க அப்பச்சி" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மகள் முன்னால் போனாள்.

பெற்ற பெருமை சும்மா இருக்குமா? காரைக்குடி வந்ததும் பங்காளி ஏகப்பனின் பாத்திரக் கடையில் காரை நிறுத்தி, பாட்டிலை எடுத்துச் சித்திரை வெயிலில் கடைவீதிக்கே காட்டினார்.

"நெய் உறைஞ்சா என்ன செய்வீக? சூடு காட்டுங்கண்ணே, சரியாப்போயிரும்" என்றார் ஏகப்பன்.

டீக்கடையில் வெந்நீர் வாங்கி, அண்டாவில் ஊற்றி, பாட்டிலை மூடியோடு இறக்கினார்கள். வெள்ளை இன்னும் தடித்தது.

"சூடு பத்தலண்ணே."

இன்னும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். பாட்டிலுக்குள் தண்ணீர் தனி, தயிர் தனி.

"படுபாவி, பிள்ளை படிப்பையே திரிச்சுப்புட்டியேடா!"

நாச்சியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதேபோல் ஒரு குடிதண்ணீர் பாட்டில் வாங்கி, மகளின் சீட்டை உரித்து அதில் ஒட்டினார். திரிந்ததை ஐஸுக்கு அடியில் புதைத்தார். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஏசி அரங்கில் இங்கிலீஷில் விளாசிய சௌபர்ணிகா, கடைசி வரிசை அப்பச்சிக்காகத் தமிழிலும் சொன்னாள்: "குளிர்ச்சியா இருந்தா இது தண்ணியோட ஒட்டிக்கிட்டுக் கரைஞ்சிருக்கும். சூடேறினா தண்ணிய உதறிட்டுச் சுருண்டுக்கும். அப்பப் பாலா வெளுக்கும். குளிர்ந்தா மறுபடி தெளிஞ்சிரும்."

வெளுக்கணுமா! நாச்சியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது.

மகள் குவளையில் ஊற்றிச் சூடாக்கினாள். டெல்லி அம்மா குனிந்து பார்த்தார். ஆவி வந்தது, கொதியும் வந்தது. வெண்மை வரவில்லை. சௌபர்ணிகா பாட்டிலின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆத்தா, அது வெறுந்தண்ணி!" நாச்சியப்பன் எழுந்தே விட்டார். "உன்னுது பெட்டி அடியில கெடக்கு. சூடு காட்டிக் கெடுத்துப்புட்டேன்!"

அவள் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஐஸுக்கடியில் பாட்டில் பளிச்சென்று தெளிந்திருந்தது. ஊற்றிச் சூடாக்கியதும் பாலாய் வெளுத்தது. ஐஸில் வைத்ததும் தெளிந்தது. அரங்கமே கைதட்டியது. தமிழ் தெரியாத டெல்லி அம்மா, பக்கத்திலிருந்த பேராசிரியர் சிவபிரகாஷிடம் நாச்சியப்பனைக் காட்டி ஏதோ கேட்டார்; சிவபிரகாஷும் ஏதோ சொன்னார்.

நாச்சியப்பன் கைகூப்பினார். "என்ன திட்டுறாக, சார்?"

"திட்டலங்கய்யா. 'வெறுந்தண்ணியோட ஒப்பிட்டுக் காட்டல'ங்கிறதுதான் அந்தம்மா எழுதியிருந்த குறை. பொண்ணு மறந்தாலும் அப்பா மறக்காமக் கொண்டாந்திருக்காரே, நீங்க எந்த யுனிவர்சிட்டின்னு கேக்குறாங்க!"