பச்சைப் புள்ளி வைத்த முன்குறி

வாலரூ,
திங்கட்கிழமை காலை.

என் அருமை மச்சான் லிண்ட்சேவுக்கு, எல்வின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை கொரலியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். டாஸ்மேனியாக் குளிரில் நீயும் வெர்னாவும் உன் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். வளைகுடாவில் இந்த வருஷம் நீல நண்டு அள்ள அள்ளக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு நாய் செத்துப்போனது, வேறு ஒன்று வாங்கிவிட்டார்கள், அதுவும் குரைக்கிறது.

உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை. இப்போதுதான் தபால் நிலையத்தில் உன் பெயருக்கு ஒரு பொட்டலம் போட்டுவிட்டு வந்தேன். உள்ளே இருப்பவை குறிகள். துப்பாக்கி முனையில் வைக்கிற முன்குறி, பிடிக்கு மேலே வைக்கிற பின்குறி, நான் நவம்பரிலிருந்து தேடித் தேடி வாங்கியவை, வெள்ளைப் புள்ளி வைத்தது, பச்சைப் புள்ளி வைத்தது, திருகினால் ஏறி இறங்குவது எல்லாம். நீயே வைத்துக்கொள், இல்லை தூண்டிலில் ஈயத்துக்குப் பதிலாகக் கட்டிக்கொள். நான் சுடுவதை விட்டுவிட்டேன். சமாதானம் சொல்லி ஃபோன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். ஈஸ்டர் கேடயப் போட்டியில் பக்கத்து ஊர் மூன்டாக்காரர்களை எதிர்த்து நம் கிளப்பில் நாலு பேர் இறங்குவது உனக்குத் தெரியும். நீயும் நானும் எத்தனை வருஷம் அந்த நாலில் இரண்டாக நின்றோம்! நீ கப்பலேறிப் போன பிறகும் என் இடத்தை யாரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்பார்கள் என்று தோன்றியதில்லை. இந்த வருஷம் கேப்டன் ராய்ஸ் மூன்று பெயரை அறிவித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே, "நாலாவது இடம் யாருக்கு வேணா போகலாம். மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சுடுங்க, அதிகம் எடுத்தவங்க வரட்டும்" என்றான். "எடுக்காதவங்க?" என்று கேட்டேன். "அடுப்புக்கு ஆள் வேணும்ல, எல்வின்" என்றான். சாசேஜ் சுடுகிற அடுப்பு! மூன்டாக்காரர்கள் வரிசையில் நின்று என் கையால் ரொட்டியும் வெங்காயமும் வாங்கித் தின்பதா? அன்றைக்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராய்ஸ் மேல் தப்பில்லை. நவம்பரிலிருந்து எனக்குச் சனி பிடித்திருந்தது. துப்பாக்கியை நீட்டினால் முன்குறி பிசிறடித்துத் தெரிந்தது, கம்பளிப்புழு உட்கார்ந்த மாதிரி. குண்டுகள் இலக்கு அட்டையில் சொன்ன பேச்சுக் கேட்காமல் திரிந்தன. 'விரலை இழுக்கிறாய்' என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். விரல் அல்ல. கண்ணும் அல்ல, ஏனென்றால் நவம்பரில்தான் நானும் கொரலியும் கடைனா ஊரில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று ஒரே மாதிரிக் கறுப்பு ஃபிரேமில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். அவளுக்குப் படிக்கிற கண்ணாடி. எனக்கு, கடைக்காரர் முன்னால் கையை நீட்டிக் காட்டி, முன்குறி இருக்கிற தூரத்துக்கென்றே சரியாக அளந்து செய்த கண்ணாடி. ஆகவே கோளாறு துப்பாக்கியில் இருந்த குறியில்தான் என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். இது பெங்கிலிக்கு மட்டும் விளங்கவில்லை. மெர்வின் பெங்கிலியை உனக்கு நினைவிருக்கும், குழாய் ரிப்பேர்க்காரன், நாலாவது இடத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பவன். நான் குறியை மாற்றப்போகிறேன் என்றதும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்ண்ணே" என்று கிளப் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

முதலில் அடிலெய்டு போய் வெள்ளைப் புள்ளிக் குறி வாங்கினேன். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தால் போதும், பச்சைக் குழந்தைகூடச் சுடும் என்றார் கடைக்காரர். எனக்கு மூன்று புள்ளி ஆறு புள்ளியாகத் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு பச்சையாக எரிகிற இழை வைத்த முன்குறி வாங்கினேன். ஆகா, அது குறி! பிசிறடித்தாலும் பட்டாணி மாதிரி பளிச்சென்று நின்றது. ஆனால் குண்டு கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியது. முன்குறியைப் பித்தளைக் கோல் வைத்து வலது பக்கமாகத் தட்டினேன். குண்டு இன்னும் இடப்பக்கம் போனது. போதவில்லை என்று இன்னும் வலது பக்கமாகத் தட்டினேன். அட்டையை விட்டே வெளியே போனது. கிளப் கூடத்து மேசையில் பின்னிக்கொண்டிருந்த உன் தங்கை தலையைத் தூக்காமலேயே, "பின்குறிய நகத்துனா குண்டு கூடவே வரும், முன்குறிய நகத்துனா எதிர்ப்பக்கம் போகும். இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான், எல்வின்" என்றாள். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒரு பரிசோதனைக்காகத் தட்டினேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

அப்புறம்தான் திருகிச் சரிசெய்கிற பின்குறி வந்தது. அதைச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன், அதுதான் நான் செய்த பிழை. பக்கத்திலேயே கொரலி கிளப் சாப்பாட்டுக்காக மாவுக்குள் இறைச்சி வைத்துப் பாஸ்டி மடித்துக்கொண்டிருந்தாள். செய்முறைப் புத்தகத்தை எட்டாத தூரத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்ணாடியில ஒரு எழுத்தும் தெரியல" என்று முணுமுணுத்தாள். "கண்ணாடியக் குறை சொல்லாத, வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோ" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்குறிக்குள்ளிருந்த சின்ன ஸ்பிரிங் டிங்கென்று எகிறியது. தரையில் தேடினேன், ஸ்டவ்வுக்கு அடியில் தேடினேன், சட்டைப் பைக்குள் தேடினேன். எங்கே போனது என்பது சனிக்கிழமை கிளப்பில்தான் தெரிந்தது. பெங்கிலி கடித்த பாஸ்டி கடக்கென்றது. அவன் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மெதுவாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்வின் அண்ணே, உங்க பின்குறி என் கடவாய்ப் பல்லுல இருக்கு" என்றான். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்பிரிங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழுவித் துடைத்து அன்று மதியமே மாட்டிவிட்டேன். மாட்டியதும் அத்தனை குண்டும் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் விழுந்தன. பெங்கிலி எச்சில் பட்டால் அதிர்ஷ்டம் போலிருக்கிறது என்று ராய்ஸ் சொன்னான். நான் சிரிக்கவில்லை, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

நேற்றுக் காலை நேரத்தோடு கிளப்புக்குப் போய்விட்டோம். தெற்குக் காற்று கொடிகளை விறைப்பாக நிறுத்தியிருந்தது. முதல் வரிசையில் சுட்டவர்களில் கொரலியும் ஒருத்தி, எனக்குத் துணைக்கு வந்தாயிற்றே, சும்மா உட்காருவானேன் என்று பெயர் கொடுத்திருந்தாள். அவள் என்ன எடுத்தாள் என்று நான் கேட்கக்கூட இல்லை. என் வரிசை வந்தபோது இடப்பக்கத்து மேடையில் யார் தெரியுமா? அவனேதான். கடைசி ஐந்து குண்டு மிச்சம் இருக்கும்போது நானும் பெங்கிலியும் சரிக்குச் சமம். ராய்ஸ் அதை வாய்விட்டே சொல்லித் தொலைத்தான். பெங்கிலி தோட்டாவை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், "வெங்காயத்த மெலிசா நறுக்கணும்ண்ணே, அப்பதான் நல்லா வதங்கும்" என்றான். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. நீ முதல்நாள் சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டேன்: முன்குறியைப் பார், முன்குறியை மட்டும் பார், இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். எனக்கு இலக்கு தாராளமாக மங்கியிருந்தது. அட்டைகளெல்லாம் வரிசையாகச் சாம்பல் மூட்டம், மேலே எழுதிய எண்களும் அதோடு சேர்த்தி. நடுவே என் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. சரியாகத்தான் பார்க்கிறோம் என்று எனக்குத் தைரியமே வந்தது.

ராய்ஸ் விசில் ஊதினான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி முதல் குண்டை விட்டேன், நடு. கையே சொல்லியது. இரண்டாவதும் நடு. மூன்றாவதும் அப்படியே. நாலாவது முடிந்தபோது கடைசிக் குண்டை அவசரப்படுத்தாதே என்று எனக்கு நானே கெஞ்சினேன். ஐந்தாவதையும் விட்டுவிட்டுத் துப்பாக்கியைக் காலியாக்கி மேடையில் வைத்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு ஐந்து நான் சுட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, வெட்கம் என்ன, உனக்குத்தானே எழுதுகிறேன்.

எல்லாத் துப்பாக்கியும் காலி என்று பார்த்துவிட்டு ராய்ஸ் அட்டைகளிடம் நடந்தான். நாங்கள் பின்னாலேயே போனோம். என் அட்டை முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எல்வின், உன் அட்டையில ஒரு ஓட்டையும் இல்லையே" என்றான். அப்போது இடப்பக்கத்திலிருந்து பெங்கிலி, அவ்வளவு வாயாடி, சின்னக் குரலில், "என்னுதுல பத்து இருக்கு" என்றான்.

பத்து. அவனுடைய ஐந்தும் என்னுடைய ஐந்தும். பக்கத்து அட்டையில் சுட்டிருக்கிறேன், மச்சான், நேற்று வந்த பயல்கூடச் செய்ய வெட்கப்படுகிற காரியம். அத்தோடு போயிற்றா? எந்த ஓட்டை யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால் அட்டைக்காரனுக்கு அதில் மிக நல்ல ஐந்து என்பது விதி. நடுவில் கொத்தாக விழுந்திருந்த என் ஐந்தையும் ராய்ஸ் ஒவ்வொன்றாக எண்ணி பெங்கிலிக்கு எழுதினான், எனக்கு ஐந்து பூஜ்யம் எழுதினான். பெங்கிலி கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன், "மன்னிச்சுக்கங்கண்ணே, விதி அப்படி" என்று தரையைப் பார்த்தான். நான் நேரே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். முடிவு சொல்வதைக் கேட்க நிற்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? கொரலி வெகு நேரம் கழித்து ஒரு பையோடு வந்தாள், மிச்சப் பாஸ்டியாக இருக்கும், பின்சீட்டில் போட்டாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் என்னைப் பார்த்து அவமானம் போலிருக்கிறது.

ஆகவே எல்லாம் முடிந்தது. குறி விற்கிற அத்தனை பேரும் நாசமாகப் போகட்டும். நீயும் வெர்னாவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தக் குறையுமில்லாமல் நீடு வாழ வேண்டும், உன் முழங்கால் சீக்கிரம் மடங்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இனி ஒருபோதும் துப்பாக்கியைத் தொடாத
உன் மைத்துனன் எல்வின் ரோடா.

பி.கு. இன்று புதன்கிழமை. கடிதம் என் கோட்டுப் பையிலேயே கிடந்தது, பொட்டலம்தான் போய்விட்டது. அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. நேற்று கொரலி என்னைப் பிடித்திழுத்துக்கொண்டு கடைனாவில் கண்ணாடிக்காரரிடம் போனாள். அவர் என் கண்ணாடியைக் கழற்றி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது படிக்கிற கண்ணாடி. உங்க வீட்டம்மாவோடது. நவம்பர்ல இருந்து இதையா போட்டிருக்கீங்க?" என்றார். கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது, லிண்ட்சே, கோணல் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. கொரலி தன் மூக்கிலிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். "அதான் முன்குறி எனக்கு ஊசிமுனை மாதிரி தெரியுது" என்றாள். முன்குறி தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். வெளியே வந்து காரின் பின்சீட்டிலிருந்து அந்தப் பையை எடுத்துப் பிரித்தாள். பாஸ்டி அல்ல, ஈஸ்டர் அணியின் நீலச் சட்டை, அவள் அளவுக்கு. என் ஐந்து குண்டைத் தானமாக வாங்கியும் பெங்கிலி அவளை எட்டவில்லையாம். அவளுடையது துப்பாக்கியோடு வந்த பழைய கறுப்புக் குறிதான், அவள் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. "ஏன்டி சொல்லல?" என்றேன். "ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியப் பாத்தேன், சொல்ல வாய் வரல" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் பெருமைதான் நின்றது. என் கண்ணாடியைத் திருப்பிக் கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும் என்கிறாள். எனக்கென்று சொல்லியிருக்கிற புதுசும் அப்புறம்தான் வரும். நீங்கள் இரண்டு பேரும் அவசியம் வாருங்கள், உன் தங்கை நம் இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டாமா? நான் அடுப்பில் இருப்பேன். வெங்காயம் நறுக்க அவளுடைய கண்ணாடி ஜம்மென்று இருக்கிறது.