வாத்தியாருக்கு மட்டும்

"நாளைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துல மாரடைப்பு! எல்லாரும் தவறாம வந்துருங்கோ!"

தமுக்கடித்துக்கொண்டு கந்தன் தெருவைத் தாண்டினான். வெங்கடாசலம் வாத்தியார் சுருட்டை எறிந்துவிட்டு அவனைப் பிடிக்க ஓடினார். பத்தடியில் நின்றுவிட்டார். நெஞ்சு இறுகியது, இடது தோள் விண்ணென்று தெறித்தது.

"ஏனுங்க, மறுபடியும் நோவுதுங்களா? சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமுங்க" என்றாள் மனைவி அங்காளம்மாள்.

"வாய்வு. ஓமத்தண்ணி கொண்டா."

மூன்று மாதமாக இதே பேச்சு, இதே ஓமத்தண்ணீர். மனைவி உட்பட மல்லசமுத்திரத்தில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர் அவர். அவருக்கு யார் புத்தி சொல்வது? எந்த மேட்டில் விழுந்துவிடுவாரோ என்று அவள்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம், டிஸ்பென்சரி கம்பவுண்டர் சின்னண்ணனின் ஏற்பாடு. "நீங்க படிச்சாத்தானுங்க சனம் கேக்கும்" என்று சேலத்திலிருந்து வந்த நோட்டீசை வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். 'மாரடைப்பைப் பற்றிப் பேச்சு' என்றுதான் வாத்தியார் சீட்டெழுதிக் கந்தனுக்குக் கொடுத்தனுப்பினார். 'பேச்சு' என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. நோவு வரப்போகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்குப் பைத்தியம்?

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சீட்டு எழுதினார். 'யாரும் பயப்பட வேண்டாம். வாத்தியார் பேசுவார், அவ்வளவே.' அங்காளம்மாள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் தமுக்கு முழங்கியது.

"யாரும் பயப்பட வேண்டாம்! மாரடைப்பு வாத்தியாரய்யாவுக்கு மட்டும்தான்!"

கேட்க வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் ஊரே பள்ளிக்கூடத்தில் திரண்டுவிட்டது. ஒருவர் கையில் விபூதி, ஒருவர் கையில் சுக்கு. பக்கத்து வீட்டுப் பொன்னாயி வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, எங்க சாமி போயிட்டீங்களே!"

"எனக்கு ஒண்ணுமில்லை! நான் இங்கதான் நிக்கறேன்! உக்காருங்க எல்லாரும்!"

கத்தியதில் வேர்த்துக் கொட்டியது. நோட்டீசை விரித்து உரக்கப் படித்தார்.

"மேடு ஏறினாலும், விரைந்து நடந்தாலும் நெஞ்சு இறுகும். இடது தோளும் கையும் நோகும். வேர்வை பெருகும். இதை வாய்வு என்று எண்ணிச் சும்மா இருக்கலாகாது. புகையிலையை விட்டொழித்து, உடனே டாக்டரிடம்..."

குரல் நின்றது. அவருடைய வலது கை இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. பொன்னாயிகூட வாயை மூடிக்கொண்டாள்.

வாத்தியார் நோட்டீசை மெதுவாக மடித்தார். சட்டைப்பையிலிருந்த சுருட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அங்காளு, விடியறப்ப சேலத்துக்குக் கெளம்பலாம்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை பேருக்கு முன்னால் தோற்றது வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கந்தன்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் இவன் பண்ணின கூத்து! எழுதிக் குடுத்ததை ஒழுங்காச் சொல்லத் தெரியுதா இவனுக்கு?"

கந்தன் தலையைச் சொறிந்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே சாமி. ரெண்டு வாட்டியும் வாத்தியாரம்மாதானுங்க படிச்சுச் சொன்னாங்க."