நல்ல சேதிக்காரன் ஆனேன்

வீசன்பாக், ஃப்ராங்கன்
கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம்

மதிப்புக்குரிய மைத்துனர் எக்கெஹார்ட் அவர்களுக்கு, உங்கள் தங்கை இர்மெலாவின் கணவன் கிலியான் வணக்கத்துடன் எழுதுவது. முதுகுவலி தவிர இங்கே நலம். அங்கே நீங்களும் உங்கள் கிரேக்க அகராதியும் நலமாகவே இருப்பீர்கள்.

உங்களுடையது எவாங்கெலிஷ் என்கிற சீர்திருத்தச் சபை, நான் கத்தோலிக்கன் என்று எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் வந்து, என் வீட்டு வாத்துக்காலைக் கடித்துக்கொண்டே, "எவாங்கெலிஷ்னா என்னன்னு தெரியுமா மாப்ளே? கிரேக்கத்துல எவாங்கெலியோன். நல்ல சேதி! நாங்க நல்ல சேதிக்காரங்க. கத்தோலிக்கன்னா பொதுவானவன், சந்தைக்கடை மாதிரி" என்று பாடம் நடத்துவீர்கள். இர்மெலா மேசைக்கடியில் என் காலை மிதிப்பாள். நானும் உங்கள் தட்டில் இன்னொரு துண்டு வைப்பேன்.

இந்த வசந்தத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் படுக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. அவளை அடக்கம் செய்த உங்கள் சபைக் கல்லறையிலோ சபையாருக்கு மட்டும்தான் இடமாம். சரி, தொலையட்டும் என்று ஞானஸ்நானம் வாங்கின கோயிலை விட்டுச் சபை மாறப் போனேன். "எவாங்கெலிஷ்னா என்னங்க?" என்று போதகரம்மா கேட்க, உங்கள் கிரேக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். அந்தம்மா சிரித்துவிட்டு, "அதெல்லாம் அகராதியிலங்க. நம்ம ஊர்ல, கத்தோலிக்கன் இல்லைன்னு அர்த்தம், அவ்ளோதான்" என்று சொல்லி என்னைச் சபையில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே முதல் நல்ல சேதி வந்தது: சபைக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய வழியில்லை, இனி ஆராதனை எதிர்த்தெருக் கத்தோலிக்கக் கோயிலில்! போனேன். அங்கே மணியடிக்கும் கோயில்பிள்ளை லோரென்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "யோவ் கிலியான், இப்பத்தானே என்னைக் கட்டிப்புடிச்சு அழுதுட்டுப் போனே? வா வா, உன் பெஞ்சு காலியாத்தான் கெடக்கு." அதே பெஞ்சில் உட்கார்ந்து நல்ல சேதி கேட்டேன்.

போகட்டும். இர்மெலா பக்கத்தில் இடம் கிடைக்குமே, அது போதும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத சுகமும் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பொதுவானவன்,
கிலியான்

பி.கு.: உறையை ஒட்டும்போது போதகரம்மா போன் செய்தார். "இர்மெலா கல்லறைக்கு ஒரு பக்கம் மதில்சுவருங்க. இன்னொரு பக்கத்து இடத்தை அவங்க அண்ணன் அடக்கத்தன்னைக்கே தனக்குன்னு கேட்டு வாங்கிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். மேலே வருத்தமில்லை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். நீண்ட ஆயுளை மட்டும் அடிக்காதீர்கள், அது மனசார எழுதியது. நான் முந்திப் போய் அங்கே படுத்துக்கொள்ளும்வரை நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். படுத்தவனை எழுப்பிவிட எந்தச் சபையிலும் வழக்கமில்லை, மச்சான்.