மடை திறக்க ஆட்சேபணை இல்லை

பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் குளம் அரசாங்கச் செலவில் அழகுபடுத்தப்பட்டது. கரையைச் சுற்றி நடைபாதை, உட்கார பெஞ்சு, ஊரை நேசிப்பதாகச் சொல்லும் ஆளுயர ஆங்கில எழுத்துகள் எல்லாம் வந்தன. நடக்க ஆள் வேண்டுமே என்று நடைப்பயிற்சியாளர் நலச் சங்கமும் வந்தது. நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். செயலாளர் நான்.

மடையைத் திறந்தால்தான் கீழே கிடக்கும் வயல்களுக்குத் தண்ணீர் போகும் என்பது திட்டம் தீட்டியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் விவசாயி பொன்னுலிங்கம். மாசியில் அறுப்பாகும் கும்பப்பூ நெல் கதிர் தள்ளும் நேரத்தில், வெடித்த வயலிலிருந்து நேரே குளத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஸ்டெனியிடம் போய் நின்றார். கூடுதல் பெஞ்சு கேட்டு நானும் அங்கே போயிருந்தேன்.

“சாரே, மூணு நாளு மடையைத் தொறந்தா போரும். இல்லேன்னா ஒரு மணி நெல்லு மிஞ்சாது.”

“தண்ணி கொறஞ்சா எழுத்துக்க நெழலு கொளத்துல விழாது. போட்டோ நல்லா வராது,” என்றார் அதிகாரி. “வேணும்னா லாரியில தண்ணி அடிக்கலாம். அதுக்கு அனுமதி உண்டு.”

“லாரிக்குத் தண்ணி எங்க உள்ளது?”

“இந்தக் கொளத்துல உள்ளதுதான்.”

ஆனால் நடைபாதையில் லாரி ஏறக்கூடாது என்று விதி. மடையானாலும் லாரியானாலும், நடப்பவர்களின் சங்கம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மேற்படி கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று அதிகாரி கருணையோடு தெரிவித்தார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. விவசாயி படும் பாட்டைக் கேட்டுப் பலர் கண் கலங்கினார்கள். எனக்கும் நெஞ்சு கனத்தது, பொய் சொல்லவில்லை. விவசாயத்தைக் காக்க விழிப்புணர்வு நடை நடத்துவது, எல்லோருக்கும் பச்சை டீ-ஷர்ட் அடிப்பது, பொன்னுலிங்கத்தையே கொடியசைக்க அழைப்பது என்று ஏகமனதாக முடிவானது. டீ-ஷர்ட் வர நாளாகும். நடையன்று குளமும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, அறுப்பு முடிந்தபின் மடையைத் திறக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனைவரும் கையெழுத்திட்டோம்.

டீ-ஷர்ட் வந்து சேர்வதற்குள் பயிர் கருகிவிட்டது. நடையன்று பொன்னுலிங்கம் வந்தார். நான் நீட்டிய கொடியை வாங்கவில்லை.

“செக்ரட்டரி சாரே, எனக்க பயிரு போச்சு. உங்க எல்லாருக்க வயலும் இந்தக் கொளத்துக்குக் கீழதானே கெடக்கு. ஒருக்க போயிப் பாத்தியளா?”

வெட்கமாகத்தான் இருந்தது. என் வயலுக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். பச்சை டீ-ஷர்ட் போட்ட மற்ற நாற்பத்தொரு பேரும் பதிலைக் கேட்க நெருங்கி வந்தார்கள்.