பூதத்துக்குக் கட்டில் போட்டவர்

சம்பந்தியோடு பேசாதவர்கள், பக்கத்து வீட்டோடு பேசாதவர்கள், தெருமுனை டீக்கடையோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு வீடியோ கேமோடு கோபித்துக்கொண்டு, மூன்று வருடம் அதன் பக்கம் முகத்தைத் திருப்பாமல் இருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் காஞ்சிபுரத்துப் பூதம் பாய்.

பிள்ளையார்பாளையத்துக்குப் போகிற வழியில் அவருக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு அறை. அந்த நடு அறையில்தான் என் படிப்பு கெட்டது. அங்கே ஒரு டிவியும் ஒரு கேம் பெட்டியும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் நான், சரவணன், ஸ்டெல்லா மூன்று பேரும் அங்கேயே கிடப்போம். விளையாட்டுக்கு வாயில் நுழையாத ஏதோ வெளிநாட்டுப் பெயர். ஒரு கோட்டை, அதற்குள் மூன்று கொம்பு வைத்த ஒரு பூதம், அதை வெட்டப் போகும் வாள் வீரன் ஒருவன். எங்களுக்கு அது வெறும் 'பூதம்'. அடுத்த பாகம் வந்தபோது 'பூதம் டூ'. கடைக்காரர் பூதம் பாய் ஆகிவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

பாய்க்கு உலகத்தில் உள்ள எல்லாமே பூதத்தில் இருந்தது. ரிப்பேருக்கு வரும் மிக்ஸியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு ஒரே ஒரு லைஃப்தான் பாக்கி இருக்குதும்மா. மஞ்சக் கொம்பு கிம்பு போட்டுடாதீங்க" என்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்த பிறகுதான் பந்திக்கு வருவார். விளையாட்டில் பானையை உடைத்தால் தங்கம் கிடைக்கும் என்பதால், பொங்கல் சமயத்தில் மண்பானை விற்கிற தெருப் பக்கம் பாபி அவரை அனுப்பவே மாட்டார். பாபி என்பது பாயின் மனைவி. பூதத்தைத் தன் சக்களத்தி என்று வெளிப்படையாகவே சொல்லுவார்.

நான் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பியபோது பாய் என் தோளைப் பிடித்து அறிவுரை சொன்னார். "கதவத் தெறந்த உடனே நேரா போவாத பா. லெஃப்ட்ல ஒதுங்கு. ரூம ஒரு சுத்து பாரு. அப்பறம்தான் முன்னால போவணும்."

அப்படியே செய்தேன். லெஃப்டில் தண்ணீர் கேன் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம், விழுந்த கேனை நான் பாய்ந்து பிடித்த வேகம்தான் என்று பாய் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் மறுப்பதில்லை. வேறு காரணம் எனக்கும் தெரியாது.

நான் வேலை பார்க்கும் ஊருக்கே குடிபோனேன். சரவணன் அப்பாவின் தறியில் உட்கார்ந்தான். ஸ்டெல்லா ரத்தம் எடுக்கும் லேபில் சேர்ந்தாள். ஆனால் பூதத்தின் புதுப் பாகம் வருகிறது என்றால் மூவரும் நடு அறையில் ஆஜர். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது நட்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது பூதம்தான்.

அந்தப் பூதத்தின் ஐந்தாம் பாகம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பல வருடக் காத்திருப்பு. பாபி பிரியாணி செய்திருந்தார். பாய் புதுச் சட்டை போட்டிருந்தார். விளையாட்டு இன்டர்நெட்டிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் பிரியாணி தீர்ந்து, அது செரித்து, நாங்கள் இரண்டாவது டீயும் குடித்துவிட்டோம். கடைசியில் கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே பூதம் நின்றது. கொம்பு ஒன்றுகூட இல்லை. தலையைப் படிய வாரியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அடிக்க வராமல், சின்ன வயதில் தான் பட்ட கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தது. வாளால் குத்தினால், "நீயும் நானும் வேறு வேறு அல்ல" என்று தத்துவம் பேசியது. எந்த பட்டனை அழுத்தினாலும் பேச்சு நிற்கவில்லை.

பாய் எழுந்து நின்றார். "இன்னா பா இது? நான் சண்ட போட வந்தேனா, துக்கம் விசாரிக்க வந்தேனா?"

பிளக்கைப் பிடுங்கினார். "இன்னிலேருந்து இந்த வூட்ல யாரும் பூதம்னு பேர் எடுக்கக் கூடாது."

"அப்ப உங்க பேரு பாய்?" என்றான் சரவணன்.

"அதையும் மாத்திக்கிறேன்."

ஊர் கேட்குமா? கொஞ்ச நாள் 'மாஜி பூதம் பாய்' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நீளமாக இருந்ததால் பழையபடி பூதம் பாய்க்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் அவர் நிஜமாகவே திரும்பவில்லை. நடு அறைக்குப் பூட்டு விழுந்தது. நான் ஊருக்கு வரும்போது ரோட்டில் எதிரெதிரே பார்த்தாலும் மூவரும் நிற்காமலே தலையாட்டிவிட்டுப் போகிற நிலைமைக்கு வந்தோம்.

அப்படி மூன்று வருடம் ஓடியது. ஒருநாள் ஊருக்கு வந்தபோது மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போனேன். கடை ஓரத்தில் ஒரு பெரிய சாக்கு மூட்டை. மேலே ஒரு கன்ட்ரோலரின் வயர் தொங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது.

"மாசக் கடைசியில காயலான் கடக்காரர் வராரு. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடப் போறேன். அந்த ரூமை மொபைல் கவர் விக்கிறவரு கேட்டுக்கினு இருக்காரு" என்றார் பாய்.

"யோசிச்சி செய்யுங்க பாய்."

"யோசிச்சாச்சி."

அந்த மூட்டையும் அந்த அறையும் போய்விட்டால், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உட்கார இந்த ஊரில் ஓர் இடமும் இல்லை, ஒரு காரணமும் இல்லை. அதைப் பாயிடம் சொல்லாமல் மிக்ஸியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காப்பாற்றியவர் பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளை. பாயின் மகளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டு அரசியல் தெரியவில்லை. மாமாவுக்குப் பூதம் என்றால் உயிர் என்று மட்டும் கல்யாணப் பந்தியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் போய், அந்த வரிசையில் கடைசியாக வந்த விளையாட்டை வாங்கிப் பார்சல் அனுப்பிவிட்டார். அது ஆறாம் பாகம்கூட இல்லை, ஒரு கிளைக்கதை. அதே நாடு, அதே கோட்டை. ஆனால் சண்டையே கிடையாது. கோட்டைக்கு வெளியே காலி நிலத்தில் வீடு கட்ட வேண்டும், செடி நட வேண்டும், வருகிறவர்களுக்குக் கட்டில் போட வேண்டும்.

பாய் எனக்கு போன் செய்தார். "மாப்ள பூதம் அனுப்பிக்கிறாரு பா. அதுல செடிக்குத் தண்ணி ஊத்தணுமாம். இது எனக்குத் தேவையா?"

"திருப்பி அனுப்பிடுங்க."

"மாப்ள குடுத்தத திருப்பி அனுப்பறதா? நீ சோத்ததான் துன்றியா?" என்றார் பாய். "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சா போன் பண்ணுவாரு. எவ்ளோ தூரம் வந்துட்டீங்க மாமுன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது? நீ ஞாயித்துக்கிழம வா. பக்கத்துல சும்மா ஒக்காரு. நான் ரசிக்கலன்றதுக்கு ஒரு சாட்சி வேணும்."

சாட்சியாகப் போனேன். நடு அறைப் பூட்டைத் திறந்து, மூட்டையிலிருந்து புதுக் கேம் பெட்டியை மட்டும் வெளியே எடுத்திருந்தார். விளையாட்டு தொடங்கியதும் வீரன் கையில் வாள் இல்லை, துடைப்பம் இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

சண்டையே வராது என்று விளையாட்டே எழுதிக் காட்டியும் அவர் நம்பவில்லை. "எல்லாம் நடிப்பு. பின்னாடி வரும் பாரு" என்று நான்கு பக்கமும் மதில் கட்ட ஆரம்பித்தார். அடுத்த ஞாயிறு போனபோதும் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குடிவந்தவர்கள் வெளியே போக வழியில்லாமல் சுவர் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார்கள். பாபி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுங்க கடைக்கிப் போறது எப்டி? அய்யய்ய, அடுப்பாண்டயே கக்கூஸ் வெச்சிக்கிறீங்களே! தள்ளுங்க, அத இப்டி குடுங்க."

இருபது வருடம் சக்களத்தி என்று திட்டிய கையால் கன்ட்ரோலரை வாங்கினார். அன்று மதியமே ஊருக்கு ஒரு வாசல் வந்தது. கக்கூஸ் ஊர்க்கோடிக்குப் போனது.

வாசல் வைத்ததுதான் தாமதம், அதன் வழியாகப் பூதம் வந்தது. பழைய பூதம். மூன்று கொம்பும் அப்படியே இருந்தன, தலை வாரவில்லை. பாய் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு வாள் தேடி எல்லா பட்டனையும் அழுத்தினார். வீரன் துடைப்பத்தை எடுத்துப் பூதத்தின் காலடியைச் சுத்தமாகப் பெருக்கினான். பூதம் குனிந்து நன்றி சொன்னது. தனக்குப் படுக்க ஒரு வீடும் ஒரு கட்டிலும் வேண்டும் என்றது.

"போடுங்க" என்றார் பாபி.

"இது யாரு தெரியுமா? இதுங்கையால நான் எத்தினி வாட்டி செத்திருக்கேன் தெரியுமா?"

"நீங்க அத சாவடிச்சதே இல்லியா?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் உண்டு."

"அப்ப சரிக்கு சரி. வாசல்ல வந்து நிக்கறவங்கள நிக்க வெச்சிக்கினு பேசினு இருக்கீங்க. கட்டிலு போடுங்க."

பாய் வீட்டுக்கு இடம் பார்த்தார். "அஞ்சாவதுல வந்தது லெக்சர் குடுத்துச்சி. இது கட்டில்தான கேக்குது" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் வீடு கட்டினால் பூதத்தால் உள்ளே போக முடியவில்லை. கொம்பு கூரையில் இடித்தது. கூரையை உயர்த்த வேண்டுமென்றால் மலைமேல் வளரும் ஏதோ மரம் வேண்டுமாம், அது முளைக்கவே நாளாகுமாம். வார நடுவில் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வந்தது. பாய்தான்.

"மழ பெய்யுது பா."

"காஞ்சிபுரத்துலயா பாய்?"

"டிவில. அது வெளியவே நின்னுக்கினு நனையுது."

அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், ஸ்டெல்லாவுக்கும் சரவணனுக்கும் போன் போட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு நடு அறையில் நாங்கள் மூன்று பேர். யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. எல்லோரும் டிவியைப் பார்த்து, "அய்யோ பாவம், எப்டி நனையுது" என்றோம்.

சரவணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "கூரைய எதுக்கு ஒசத்துறீங்க? தரையத் தோண்டுங்க. எங்க வூட்டு தறி எப்டி இருக்குது? தரையில பள்ளம் எடுத்து, அதுக்குள்ள கால வுட்டுக்கினுதான ஒக்காந்து நெய்யறோம். மேல எடம் இல்லன்னா கீழ எறங்கிட வேண்டியதுதான்."

பாய் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. தோண்டினார்கள். தறிக்குழிதான், ஆனால் வீடு முழுக்க. ஸ்டெல்லா படிக்கட்டு வைத்தாள். பாபி ஜன்னலுக்குத் திரை போட்டார். பூதம் வந்தது, படியில் இறங்கியது, கொம்பு இடிக்கவில்லை. கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டது.

"சத்தம் போடாதீங்க" என்றார் பாய் மெதுவாக. அதன் பிறகு வெகுநேரம் நாங்கள் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினோம். டிவிக்குள் தூங்குகிறவருக்கு நம் பேச்சு கேட்காது என்று யாருக்குமே தோன்றவில்லை.

பிறகு பாய் எழுந்துபோய் மூட்டையைப் பிரித்தார். அடியிலிருந்து, நாங்கள் சின்ன வயதில் விளையாடிய பழைய பெட்டியையும் முதல் பாகத்தையும் எடுத்தார். "ஒரு விசயம் பாக்கணும்" என்றார். வழியில் யாரையும் வெட்டாமல் நழுவி நழுவிப் பூதத்தின் அறைக்குப் போனார். அங்கே வெறும் கல்தரை. கட்டில் இல்லை.

"பாத்தியா? இத்தினி வருசமா கல்லு மேலதான் படுத்துக்கினு இருந்திருக்குது. நாம வெட்டற அவசரத்துல பாக்கவே இல்ல."

அன்று முழுவதும் எங்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினார். ஒரு தூண் நட்டு, ஒரு படி வைத்து, ஒரு விளக்கு மாட்டிப் பழகிய கண்ணுக்குப் பழைய கோட்டை புதிதாகத் தெரிந்தது. சமையலறையில் கரி படிந்த சுவர், அதன் மூலையில் யாரோ கிறுக்கிய பூனைப் படம். "இத ஒருத்தன் ஒக்காந்து வரஞ்சிருக்கான் பா. யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே வரஞ்சிருக்கான்." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரிசையாக மறுபடி ஆரம்பித்தார். ஐந்தாம் பாகத்தைக்கூட, "கதவு நல்லா செஞ்சிக்கிறாங்க" என்று பாதி மன்னித்தார். அந்தத் தலைவாரலை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

காயலான் கடைக்காரர் வந்தபோது செத்துப்போன மூன்று மிக்ஸியைக் கொடுத்து அனுப்பினார். மொபைல் கவர்காரருக்கு, "ரூமுல ஆளு தூங்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

இப்போது எல்லா ஞாயிறும் கூடுகிறோம். போன ஞாயிறு பார்த்தேன், பூதத்தின் ஊர் வாசல் பக்கத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு.

"இது யாருக்கு பாய்? யாரும் கேக்கலியே?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஒனக்குத்தான். டீ குடிச்ச உடனே பஸ்ஸுக்கு டைம் ஆச்சின்னு ஓடற. ஒரு நாளு பஸ்ஸ வுட்டுட்டா எங்க தங்குவ?"

"இது டிவிக்குள்ள இருக்குது பாய்."

"தெரியும் பா. இந்த ரூமுக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிக்கிறேன். கட்டிலு அடுத்த வாரம் வந்துடும்."

பூதம் பாயை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. பாபி படிப்பார். சொல்லிவிடுங்கள், பாபி.