வெறும் விறாந்தையில் நின்ற டொக்டர்

'டொக்டர்' என்று கூப்பிட்டால் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிற மனிதர் இலங்கை முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் அறுபதுகளில் நான் உத்தியோகம் பார்த்த நெடுந்தீவில் இருந்தார். யாரோ டொக்டர் வந்து நிற்கிறார் என்று உண்மையாகவே தேடுவார். கூப்பிட்டவரும் சேர்ந்து எட்டிப் பார்ப்பார். ஒரு கிழவர் அவருக்குப் பின்னால் கிடந்த வெறும் விறாந்தையைப் பார்த்துக் கும்பிட்டதையும் கண்டிருக்கிறேன்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் அப்போதிக்கரி. டொக்டருக்கு ஒரு படி கீழே நின்று நோய் பார்த்து மருந்து கொடுப்பது அவருடைய வேலை. அந்தப் படியை விட்டு ஒரு அங்குலம் மேலே ஏற மாட்டார். டொக்டரோ ஊர்காவற்றுறையிலிருந்து மாதம் ஒருமுறை, கடல் விட்டால், வள்ளத்தில் வருவார். நெடுந்தீவில் காணிக்குக் காணி கல்லடுக்கி வேலி கட்டியிருக்கும். அதைப் பார்த்து யாரோ இவருக்குக் கல்வேலியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளம் எடுக்க மட்டும் பயன்பட்டது.

பல்லுக்குத்து என்று போனால், "பல்லு என்ரை பகுதியில்லை. பல்லாலை வந்த தலையிடி எண்டால் சொல்லும், குளிசை தாறன்" என்பார். ஒருநாள் ஒருவர், தன் காலை மிதித்த மட்டக்குதிரைக்கும் நொண்டல் என்று அதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "உம்மடை கால் என்ரை பகுதி. குதிரையின்ரை கால் வேறை டிப்பார்ட்மென்ட்" என்று குதிரையைப் படலைக்கு வெளியே விடச் சொன்னார்.

விறாந்தையில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். இந்தப் பக்கம் மருந்தறை. அந்தப் பக்கம் பிரசவ அறை, மருத்துவிச்சி அக்காவின் ராச்சியம். அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுப்பதென்றாலும் கோட்டிலே வைத்துவிட்டுத்தான் போவார்.

"ஐயா, தேத்தண்ணியையுமோ பகுதி பிரிச்சனீங்கள்?"

"தேத்தண்ணி உம்மடை. கோப்பை என்ரை. குடிச்சிட்டுக் கோட்டிலை வையும்."

இதையெல்லாம் தபால் கந்தோரில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது தபால் அதிபரான என்னுடைய பொழுதுபோக்கு. என் மனைவி மகேஸ் அங்கே பிள்ளை பெறப் போன அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் மகேசுக்கு இரத்தம் போகத் தொடங்கி, நிற்கவில்லை. வாடைக்காற்றில் வள்ளம் ஒன்றும் ஓடவில்லை. மருத்துவிச்சி அக்கா கோட்டுக்கு ஓடி வந்தார்.

"ஐயா, ஊசி போடவேணும். உங்கடை அலுமாரிக்கை கிடக்கு."

"கிடக்கு. ஆனால் டொக்டர் சொன்னால்தான் போடலாம். உமக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது." என் பக்கம் திரும்பினார். "ரெலிபோன்?"

"காலமை தொடக்கம் லைன் இல்லை ஐயா" என்றேன். மகேஸ் செத்துப்போகப் போகிறாள். அதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

கல்வேலியார் வழக்கம்போலப் பின்னால் திரும்பினார். வெறும் விறாந்தை.

"சேர், இரத்தம் நிக்கேல்லை. என்ன செய்யிறது?" என்று அதனிடம் மிகப் பணிவாகக் கேட்டார்.

பிறகு விறுவிறென்று அங்கே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, தான் முன்பு நின்ற இடத்தைப் பார்த்து, "என்ன யோசிச்சுக் கொண்டு நிக்கிறீர்? உடனை ஊசியைப் போடும்!" என்று அதட்டினார்.

பழைய இடத்துக்கு ஓடி வந்து, "ஓம் சேர்" என்றார். அலுமாரியைத் திறந்து ஊசியை எடுத்துக்கொண்டு, வெண்கட்டிக் கோட்டைத் தாண்டிப் பிரசவ அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த முறை டொக்டர் வந்து இறங்கியதும் கல்வேலியார் முன்னால் போய் நின்றார்.

"சேர், உங்கடை வேலையை நான் ஒருக்காச் செய்துபோட்டன். ஏசுங்கோ."

டொக்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "நானும் அதைத்தானே சொல்லியிருப்பன்."

"அது சரி சேர். ஆனால் அண்டைக்கு நீங்கள் சொல்லேல்லை. ஏசுங்கோ."

வேறு வழியில்லாமல் டொக்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கல்வேலியார் முகம் தெளிந்து தேத்தண்ணி போடப் போனார். அன்று பின்னேரமே கோட்டைப் புதிதாகக் கீறிவிட்டார்.

மகேஸ் அதன் பிறகு அவரை டொக்டர் என்றுதான் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்டைக்கு வந்தவர் போயிட்டார், பிள்ளை" என்பார்.

மகேசுக்குப் பக்கத்தில், பிள்ளையைத் தோளில் போட்டபடி நிற்கும் நானும் எட்டிப் பார்ப்பேன். பிறகு, அந்தக் கிழவரைப் போலவே, வெறும் விறாந்தையைக் கும்பிடுவேன்.